ஆடுகளின் குடற்புழுக்கள்: மருந்தின் ஆற்றலைக் காப்பது எப்படி?

நிலமற்ற தொழிலாளிக்கும் சிறு விவசாயிக்கும் ஆடு ஒரு நடமாடும் சேமிப்பு ஆகும். மழை பொய்த்து விளைச்சல் குன்றும் ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்குவது பெரும்பாலும் ஆட்டு மந்தையே. ஹைதராபாத் நகரைச் சுற்றியுள்ள தக்காண மேட்டு நிலத்தில் கொல்லா, குருமா ஆகிய இடையர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகச் செம்மறியாடுகளை வளர்த்து வருகின்றனர். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 7 கோடியே 42 லட்சம் செம்மறியாடுகளும் 14 கோடியே 88 லட்சம் வெள்ளாடுகளும் இருந்தன. செம்மறியாடுகளின் எண்ணிக்கையில் சுமார் 1 கோடியே 90 லட்சத்துடன் தெலங்கானா மாநிலம் முதலிடம் பெற்றது. தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறியாடுகளும் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் இருந்தன.

இத்துணை பெரிய செல்வத்தை அரிப்பவை பல நோய்கள். ஆட்டுக்கொல்லி நோயும் துள்ளுமாரியும் திடீரெனத் தாக்கிப் பல ஆடுகளை ஒரே வாரத்தில் மாய்க்கின்றன. ஆகவே அவை அனைவரின் கவனத்தையும் ஈர்க்கின்றன. குடற்புழுக்கள் அவ்வாறு அல்ல. அவை குட்டியின் வளர்ச்சியைக் குறைக்கின்றன. தாயின் பாலை வற்றச் செய்கின்றன. மழைக்காலத்தில் மெலிந்த ஆடுகளை ஒவ்வொன்றாக வீழ்த்துகின்றன. இழப்பு மெதுவாக நிகழ்வதால் அதன் முழு அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த இழப்பைத் தடுக்க ஆந்திரப் பிரதேசத்திலும், 2014இல் தனி மாநிலமான தெலங்கானாவிலும் ஆடுகளுக்கு இலவசக் குடற்புழு நீக்க மருந்து பல சுற்றுகளாக வழங்கப்பட்டு வந்துள்ளது. மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து புகட்டும் இம்முறையால் உடனடி நன்மை உண்டு. ஆயினும், மருந்தை அடிக்கடியும் அனைத்து ஆடுகளுக்கும் கொடுக்கக் கொடுக்க, அதற்கு மசியாத புழுக்கள் பெருகுகின்றன. புழுவைக் கட்டுப்படுத்துவதோடு மருந்தின் ஆற்றலையும் காப்பது எவ்வாறு என்பதே இன்று கால்நடைத் துறையின் முன் நிற்கும் கேள்வியாகும்.

புழுவின் வாழ்க்கை

ஆடுகளைத் தாக்கும் புழுக்களை உருண்டைப் புழுக்கள், நாடாப் புழுக்கள், தட்டைப் புழுக்கள் என மூவகையாகப் பிரிக்கலாம். இவற்றுள் வெப்ப நாடுகளில் மிகுந்த கேடு விளைவிப்பது ஹீமான்கஸ் காண்டார்ட்டஸ் என்னும் உருண்டைப் புழுவாகும். இது ஆட்டின் நான்காவது இரைப்பையில் தங்கி இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது. இரத்தம் நிறைந்த சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறக் கருப்பை முறுக்கிக் கொண்டிருப்பதால், பெண் புழு சிவப்பும் வெள்ளையும் பின்னிய நூல்போலத் தோன்றும். இதனை வெறுங் கண்ணாலேயே காண இயலும்.

ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது. அளவு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 1,000 புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் இரத்தம் வீணாகும். 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் உள்ள இரத்தமே ஒன்றரை லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரைதான். எனவே சில வாரங்களில் ஆடு சோகையுறுகிறது. கண்ணிமையின் உட்புறம் வெளுக்கிறது. கீழ்த்தாடையின் அடியில் நீர் கோத்து வீங்குகிறது. பிற புழுக்களைப் போல இது எப்பொழுதும் கழிச்சலை உண்டாக்குவதில்லை. ஆகவே, கழிச்சல் இல்லை என்பதால் புழு இல்லை என்று முடிவு செய்தல் தவறாகும்.

ஒரு பெண் புழு நாள்தோறும் 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். ஓர் ஆட்டில் 500 பெண் புழுக்கள் இருப்பின், அந்த ஆடு ஒரே நாளில் 25 லட்சம் முட்டைகளையேனும் மேய்ச்சல் நிலத்தில் சிந்துகிறது. புழுக்கையுடன் வெளிவரும் முட்டை, வெப்பமும் ஈரமும் அமைந்தால், நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் நோய் தரும் இளம்புழுவாக வளர்கிறது. அது ஈரப் படலத்தின் வழியே புல்லின் மீது ஏறி நிற்கும். புல்லோடு சேர்த்து அதனை ஆடு விழுங்கியபின், மூன்று வாரங்களில் அது முதிர்ந்து முட்டையிடத் தொடங்கும். புழு ஆட்டின் உடலுக்குள் பெருகுவதில்லை. ஒவ்வொரு புழுவும் புல்லின் வழியே உள்ளே சென்றதாகும். இந்த உண்மையை உணர்ந்தால், மேய்ச்சல் நிலத்தைக் கவனியாமல் மருந்தை மட்டும் நம்புவது ஏன் போதாது என்பது விளங்கும்.

தக்காண நிலமும் பருவமும்

ஹைதராபாத் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதில் நான்கில் மூன்று பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக் காற்றால் கிடைப்பது. கோடையில் வெயிலும் வறட்சியும் திறந்த வெளியில் உள்ள இளம்புழுக்களைப் பெரும்பாலும் அழித்து விடுகின்றன. அப்பொழுது எஞ்சும் புழுக்கள் ஆட்டின் வயிற்றுக்குள்ளேயே காலங்கழிக்கின்றன. முதல் மழைக்குப் பின் புல் துளிர்க்கிறது, முட்டைகள் பொரிகின்றன, ஜூலை தொடங்கி அக்டோபர் வரை நோய் ஏறுமுகமாகிறது. வடகிழக்குப் பருவ மழை பெறும் தமிழ்நாட்டு மாவட்டங்களில் இந்த ஆபத்துக் காலம் டிசம்பர், ஜனவரி வரை நீளக்கூடும்.

குட்டி ஈனும் காலமும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது. ஈனுவதற்குச் சற்று முன்பும், பால் கொடுக்கும் முதல் சில வாரங்களிலும் தாய் ஆட்டின் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. புழுக்கையில் முட்டை எண்ணிக்கை உயர்கிறது. எதிர்ப்பாற்றல் அமையாத இளங்குட்டிகள் அதே நிலத்தில் மேயத் தொடங்கும்போது பெரும் பாதிப்புக்கு உள்ளாகின்றன.

மருந்துகள் வலிவிழந்த வரலாறு

புழு மருந்துகளின் வரலாறு நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறி மாறி வந்த வரலாறாகும். பினோதயசின் 1940ஆம் ஆண்டையொட்டிப் பயன்பாட்டுக்கு வந்தது. 1961இல் தயாபெண்டசோல் வந்தபொழுது புழுக்களின் தொல்லை தீர்ந்தது என்றே பலர் எண்ணினர். ஆனால் 1964லேயே அதற்கு மசியாத புழுக்கள் கண்டறியப்பட்டன. பின்னர் லெவாமிசோலும், 1981இல் ஐவர்மெக்டினும் வந்தன. அவற்றுக்கும் எதிர்ப்பு தோன்றியது. 2009இல் அறிமுகமான மோனிபேன்டல் மருந்துக்குச் சில ஆண்டுகளிலேயே எதிர்ப்புக் காணப்பட்டது.

இந்தியாவில் பினோதயசின், தயாபெண்டசோல் ஆகியவற்றுக்கு ஹீமான்கஸ் புழு காட்டிய எதிர்ப்பு 1976இல் வெளியிடப்பட்டது. அதன்பின் பல மாநிலங்களில், குறிப்பாக மருந்து தவறாமல் புகட்டப்பெறும் பெரும் பண்ணைகளில், இத்தகைய எதிர்ப்பு பதிவாகியுள்ளது. தென்னாட்டில் குளிரும் ஈரமும் மிகுந்த நீலகிரியும் இதற்கு விலக்கன்று. மருந்து அதிகமாகப் பயன்பட்ட இடத்திலேயே எதிர்ப்பும் முந்தித் தோன்றுகிறது என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

எதிர்ப்பு உண்டாகும் விதம்

மருந்து எதிர்ப்பைப் புதிதாகப் படைப்பதில்லை. கோடிக்கணக்கான புழுக்களுள் மிகச் சில, மரபுக் கூறு காரணமாக, மருந்தைத் தாங்கும் தன்மையை ஏற்கனவே பெற்றுள்ளன. மற்றவை மடியும்பொழுது இவை மட்டும் பிழைத்து இனம் பெருக்குகின்றன. இதனை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்கலாம்.

ஒரு மந்தையில் 100 ஆடுகள் உள்ளன எனக் கொள்வோம். எல்லா ஆடுகளிலும் புழுக்கள் சமமாக இருப்பதில்லை. சில ஆடுகளே பெரும்பகுதிப் புழுக்களைச் சுமக்கின்றன என்பது ஆய்வுகள் காட்டும் உண்மை. ஆகவே 30 ஆடுகளில் தலைக்கு 1,000 புழுக்களும், 70 ஆடுகளில் தலைக்கு 100 புழுக்களும் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் 37,000 புழுக்கள். அவற்றுள் நூற்றுக்கு ஒன்று, அதாவது 370, மருந்தைத் தாங்க வல்லவை. இனி, மந்தை முழுவதற்கும் மருந்து கொடுத்தால் எஞ்சுபவை 370 புழுக்களே. ஆனால் அவை அனைத்தும் எதிர்ப்புத் திறன் கொண்டவை. புழு மிகுந்த 30 ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், அவற்றில் 300 புழுக்களும், மருந்து பெறாத 70 ஆடுகளில் 7,000 புழுக்களும் எஞ்சும். புழுக்களின் எண்ணிக்கை 37,000இலிருந்து 7,300 ஆக, அஃதாவது 80 சதவிகிதம் குறைகிறது. எஞ்சியவற்றில் எதிர்ப்புத் திறன் கொண்டவை நூற்றுக்கு ஐந்து மட்டுமே.

மருந்து படாமல் எஞ்சும் இத்தகைய புழுக்களை 'தஞ்சம் பெற்ற புழுக்கள்' எனலாம். இவை எதிர்ப்புத் திறன் கொண்ட புழுக்களுடன் கலந்து அவற்றின் விகிதத்தைக் குறைக்கின்றன. மழைக்காலத்தில் புல்வெளியில் உள்ள இளம்புழுக்களும் இவ்வகையில் சேரும். கடுங்கோடையில் புல்வெளியில் தஞ்சம் பெற்றவை ஏறத்தாழ இல்லை. அப்பொழுது மந்தை முழுவதற்கும் கொடுக்கும் மருந்து, மழைக்கு முன் புழுச் சுமையைச் சிறப்பாகக் குறைக்கும் என்பதனால் முன்னர்ப் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் எதிர்ப்பை மிக விரைவாக வளர்ப்பதும் அதுவே. எனவே கோடை மருந்து தேவைப்படினும், நல்ல உடல்நிலையில் உள்ள சில ஆடுகளையேனும் மருந்தின்றி விடுவது அறிவுடைமை.

கண்ணிமை காட்டும் குறி

மருந்து தேவைப்படும் ஆட்டை மந்தையில் அடையாளம் காண்பது எவ்வாறு? இதற்குத் தென்னாப்பிரிக்காவில் 1990களில் ஓர் எளிய முறை உருவாக்கப்பட்டது. அம்முறையை எண்ணிய கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலன் பெயரால் அது 'ஃபமாச்சா' என வழங்குகிறது. ஆட்டின் கீழ் இமையைப் பிதுக்கி, உட்புற நிறத்தை ஐந்து நிறங்கள் அச்சிட்ட அட்டையுடன் ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு நிலைகள் நல்ல சிவப்பு. அந்த ஆடுகளுக்கு மருந்து வேண்டுவதில்லை. நான்காம், ஐந்தாம் நிலைகள் வெளிறியவை. அவற்றுக்கு உடனே மருந்து தேவை. மூன்றாம் நிலையில் குட்டிகளுக்கும், சினை ஆடுகளுக்கும், பாலூட்டும் தாய்களுக்கும் மருந்து கொடுத்தல் நலம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்திற்கு ஒரு முறையேனும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

எழுத்தறிவு இல்லாத இடையரும் சிறிது பயிற்சியில் இதனைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இரத்தம் உறிஞ்சும் புழுக்களுக்கே இது பொருந்தும். கல்லீரல் தட்டைப் புழுவாலும், உண்ணியாலும், தீவனக் குறையாலும்கூடச் சோகை உண்டாகலாம். குடலைத் தாக்கும் டிரைக்கோஸ்டிராங்கைலஸ் போன்ற புழுக்கள் கழிச்சலையும் மெலிவையும் தருமேயன்றி, இமையை அவ்வளவாக வெளுக்கச் செய்வதில்லை. ஆகவே உடல் திரட்சி, கழிச்சல், தாடை வீக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புழுக்கைப் பரிசோதனை

மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிய உறுதியான வழி புழுக்கையில் உள்ள முட்டைகளை எண்ணுவதாகும். ஆஸ்திரேலியாவில் 1939இல் வெளியிடப்பட்ட மெக்மாஸ்டர் முறை இன்றும் பயன்படுகிறது. செறிந்த உப்புக் கரைசலில் புழுக்கையைக் கரைத்து, மிதக்கும் முட்டைகளைக் கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில் எண்ணினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டைகள் என்பது தெரியும். ஓர் எளிய நுண்ணோக்கி உள்ள கால்நடை மருந்தகத்தில் இதனைச் செய்ய இயலும்.

மருந்து கொடுக்கும் நாளில் பத்துப் பதினைந்து ஆடுகளின் முட்டை எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, 10 முதல் 14 நாட்கள் கழித்து மீண்டும் எண்ணுதல் வேண்டும். குறைவு 95 சதவிகிதத்தை எட்டவில்லையெனில் எதிர்ப்பு உண்டோ என ஐயுறலாம். எடுத்துக்காட்டாக, சராசரி 1,000 முட்டைகள் 300 ஆக மட்டுமே குறைந்தால், அம்மருந்தை மீண்டும் வாங்குவது அரசுப் பணத்தை வீணாக்குவதாகும்.

அளவும் முறையும்

மருந்தின் அளவு குறைந்தால் பாதி வலிவுள்ள புழுக்களும் பிழைக்கும். கண்மதிப்பில் எடை பார்க்கும்பொழுது ஆட்டின் எடை பெரும்பாலும் குறைவாகவே மதிக்கப்படுகிறது. ஆகவே தராசில் நிறுத்தல் வேண்டும்; இயலாவிடின் ஒத்த வயதுடைய ஆடுகளுள் மிகக் கனத்ததன் எடைக்கு ஏற்ப அளவிடலாம். வெள்ளாடு மருந்தை விரைவாக உடலிலிருந்து வெளியேற்றி விடுகிறது. எனவே செம்மறியாட்டுக்குரிய அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. பெண்டசோல் வகை மருந்துகளில் இரு மடங்கு வரை தேவைப்படும். லெவாமிசோல் போன்றவற்றில் அளவு மீறினால் தீங்கு நேரும். ஆதலால் மருத்துவரின் அறிவுரை இன்றியமையாதது. சினையின் தொடக்க நாட்களில் அல்பெண்டசோல் கொடுத்தல் ஆகாது.

மருந்தின் வணிகப் பெயர் மாறுவதால் மருந்து மாறியதாகாது. அல்பெண்டசோலும் பென்பெண்டசோலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு மசியாத புழு மற்றொன்றுக்கும் மசியாது. கொள்முதல் செய்யும் அதிகாரிகள் மருந்தின் குடும்பத்தை அறிந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். அவ்வாறே, ஏரிக்கரையிலும் நத்தைகள் மிகுந்த தாழ்நிலத்திலும் மேயும் ஆடுகளைப் பற்றும் தட்டைப் புழுக்களுக்குத் தனி மருந்து தேவை. எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து என்பது பிழையான எண்ணம்.

மேய்ச்சலும் தீவனமும்

பசிபிக் தீவு நாடான டோங்காவில் 1990களின் தொடக்கத்தில் மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு மூன்றரை நாட்கள் வீதம் ஆடுகளை மேய்த்தனர். 35 நாட்களுக்குப் பின்னரே முதல் பகுதிக்கு அவை திரும்பின. இளம்புழு உருவாகுமுன் ஆடு இடம் மாறியது. திரும்பி வருமுன் இளம்புழுக்களில் பெரும்பகுதி மடிந்தது. மருந்தின் தேவை குறைந்தது.

பொது நிலத்தில் மேய்க்கும் தெலங்கானா இடையருக்கு வேலியிட்ட பத்துப் பகுதிகள் கிடைப்பதரிது. ஆயினும் இதே தத்துவம் அவர்தம் வழக்கத்தில் ஓரளவு உள்ளது. அறுவடை முடிந்த வயல்களில் இடம் மாற்றி மாற்றிக் கிடை போடுவதால் நிலத்துக்கு எரு கிடைக்கிறது. மந்தையும் தன் புழுக்கை விழுந்த இடத்தை விட்டு அகல்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே ஏரிப் படுகையைச் சுற்றி வரும் மந்தைக்கே ஆபத்து அதிகம். பனி உலர்ந்தபின் மேய்ச்சலுக்கு ஓட்டுதல், புல்லை வேரோடு ஒட்ட மேய விடாதிருத்தல், மாடுகளை மாற்றி மேய்த்தல், பட்டியை உலர்வாக வைத்தல் ஆகியவை செலவில்லாத வழிகள். இளம்புழுக்கள் புல்லின் அடிப்பகுதியிலேயே மிகுதி. ஆதலால் அகத்தி, சூபாபுல், வேல் முதலிய தழைகளை உண்ணும் வெள்ளாட்டுக்குத் தொற்று குறைவு. சிறிதளவு கடலைப் பிண்ணாக்கு போன்ற புரதத் தீவனம் புழுவைத் தாங்கும் ஆற்றலை உயர்த்தும்.

இனத்தின் வலிமை

சில இனங்கள் இயல்பாகவே புழுவை எதிர்க்கின்றன. கென்யாவின் சிவப்பு மாசாய் ஆடும், வங்காளத்தின் சுந்தரவன ஈர நிலத்தில் வளரும் கரோல் ஆடும் இத்தகையன. மகாராஷ்டிரத்தின் பல்டானில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம், தக்காணி, பன்னூர் ஆடுகளைக் கரோல் இனத்துடன் கலந்து ஆராய்ந்தது. கலப்புக் குட்டிகளின் புழுக்கையில் முட்டைகள் குறைந்திருந்தன. ஆனால் வளர்ச்சியும் சற்றுக் குறைந்தது. தக்காணி ஆடு தெலங்கானாவுக்கும் உரியதாகையால் இம்முடிவு இங்குக் கருதத்தக்கது. இறைச்சிக்காக உடற்பருமனை மட்டும் நோக்கிக் கிடாவைத் தேர்ந்தெடுக்காமல், அடிக்கடி மருந்து தேவைப்படும் ஆடுகளின் வழிவந்த கிடாவை விலக்குவதே எவரும் செய்யக்கூடிய முதற்படி.

2014இல் ஹீமான்கஸ் புழுவுக்கு எதிரான தடுப்பூசி ஒன்று ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. பருவத்தில் பல முறை ஊசி போட வேண்டியிருப்பதால், அலைந்து மேயும் மந்தைகளுக்கு அது எளிதன்று.

நிர்வாகத்தின் பொறுப்பு

2017இல் தெலங்கானா அரசு 75 சதவிகித மானியத்தில், 20 பெட்டை ஆடுகளும் ஒரு கிடாவும் கொண்ட தொகுதிகளை இடையர்களுக்கு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆடுகள் அண்டை மாநிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்டன. இத்தகைய திட்டம் எங்கு நடைபெறினும், ஆட்டுடன் அதன் வயிற்றிலுள்ள புழுவும், அப்புழுவின் மருந்தெதிர்ப்பும் வந்து சேரும் என்பதை மறத்தலாகாது. புதிய ஆடுகளை இரு வேறு குடும்ப மருந்துகள் கொடுத்து, ஓரிரு நாட்கள் உலர்ந்த பட்டியில் நிறுத்தியபின் மந்தையில் சேர்ப்பதே பாதுகாப்பு. சந்தையில் வாங்கும் ஒரு கிடாவுக்கும் இது பொருந்தும்.

குடற்புழு நீக்கத் திட்டத்தின் வெற்றி, எத்தனை லட்சம் ஆடுகளுக்கு மருந்து புகட்டப்பட்டது என்ற கணக்கால் அளக்கப்படுகிறது. அந்தக் கணக்கு மருந்தின் செலவைக் காட்டும், பயனைக் காட்டாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் சில மந்தைகளில் மருந்துக்கு முன்னும் பின்னும் முட்டைகளை எண்ணிப் பதிவு செய்தால், எந்த மருந்து பயன் தருகிறது என்பது கொள்முதலுக்கு முன்பே தெரியும். ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் மாணவர்கள் இப்பணியில் ஈடுபடுவது அவர்தம் பயிற்சிக்கும் உதவும். கண்ணிமை அட்டையும் தராசும் ஊர்தோறும் கிடைக்கச் செய்வதற்கு ஆகும் செலவு, வலிவிழந்த மருந்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவே.

புழுவை அடியோடு ஒழிப்பது இயலாது, அது தேவையுமன்று. சில புழுக்களைத் தாங்கிக்கொண்டு நன்கு வளரும் ஆடும், வேண்டும்போது தவறாமல் வேலை செய்யும் மருந்தும் இருந்தால் போதும். புதிய மருந்து வருவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். இருக்கும் மருந்தை இழக்கச் சில பருவங்களே போதும். ஆகவே மருந்தின் ஆற்றலையும் மேய்ச்சல் நிலத்தைப் போன்ற பொதுச் சொத்தாகக் கருதி, தேவைப்படும் ஆட்டுக்குத் தேவைப்படும்பொழுது சரியான அளவில் கொடுப்பதே இடையருக்கும் அரசுக்கும் நன்மை பயக்கும்.